சுவிட்ச் போட்டாலே எகிறும் வோல்ட்டேஜ்: எண்ணூர் ரயில் தடத்தை முன்வைத்து

ரயில் மின்கம்பிக்கு எது எதிரி என்று கேட்டால் பெரும்பாலும் மின்னல் என்றுதான் பதில் வரும். ஆனால் இடி மின்னல் எதுவும் இல்லாத நாளிலும் அதே கம்பியில் வோல்ட்டேஜ் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே எகிறி இறங்கும். காரணம் ரொம்பச் சாதாரணம். எங்கோ ஒரு சுவிட்சைப் போட்டிருப்பார்கள், அல்லது அணைத்திருப்பார்கள்.

இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று கடலை ஒட்டிப் போகும் தடத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சால் வரும் எகிறல் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதைத் தாங்குகிற சக்திதான் ஊருக்கு ஊர் மாறும். அந்த விஷயத்தில் வடசென்னைக் கடலோரம் தமிழ்நாட்டிலேயே கடினமான இடங்களில் ஒன்று. புத்தகத்தில் படிக்கும் தீர்வுகள் இங்கே எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதுதான் என் கேள்வி.

கம்பியில் என்ன ஓடுகிறது

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மின்சார ரயில் வர முக்கால் நூற்றாண்டு ஆனது. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டி.சி.) ரயில் ஓடத் தொடங்கியது. 1960-களின் பிற்பகுதியில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக (ஏ.சி.) மாறியது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தடம் 1979-இல் நேரடியாக 25 கிலோவோல்ட் ஏ.சி.யில்தான் மின்மயமானது. இன்று விம்கோ நகர் வரை போகும் மெட்ரோ ரயிலும் 25 கிலோவோல்ட்தான்.

இந்த டி.சி., ஏ.சி. வித்தியாசம் நம் விஷயத்துக்கு முக்கியம். ஏ.சி. கரண்ட் ஒரு நொடிக்கு 100 முறை தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். சர்க்யூட் பிரேக்கர் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து வெட்டினால் போதும். டி.சி.யில் அப்படி ஒரு இயற்கையான கணம் கிடையாது. பிரேக்கரே தன் முனைகளுக்கு நடுவில் தீப்பொறியை நீட்டி, ஊட்டும் வோல்ட்டேஜை விட அதிகமான எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கி, கரண்ட்டை அடக்கியாக வேண்டும். அதாவது டி.சி. ரயிலில் ஒவ்வொரு பெரிய வெட்டும் ஒரு சின்ன எகிறல்தான். ஏ.சி. வந்தபோது அந்தத் தொல்லை போனது. பதிலுக்கு வேறு மூன்று தொல்லைகள் வந்தன.

25 கிலோவோல்ட் என்பது சராசரிக் கணக்கு. அலையின் உச்சத்தில் அது 35 கிலோவோல்ட். அனுமதிக்கப்பட்ட மேல் எல்லையான 27.5 கிலோவோல்ட்டில் ஓடும்போது உச்சம் 39 கிலோவோல்ட். இனி வரும் எண்களை இந்த 39-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏன் எகிறுகிறது

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாயை டப்பென்று மூடினால் குழாய் ‘டங்’ என்று அதிரும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்கு வேகம் இருக்கிறது, அது போக இடம் இல்லை. அந்த வேகம் அழுத்தமாக மாறிக் குழாயின் சுவரை இடிக்கிறது. மெதுவாக மூடினால் சத்தமே வராது.

மின்சாரத்தில் கரண்ட்தான் தண்ணீர் ஓட்டம். டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் இண்டக்டன்ஸ், ஓடும் தண்ணீரின் எடை மாதிரி, ஓட்டத்தை நிறுத்த விடாது. கம்பிக்கும் பூமிக்கும் இடையில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ், குழாயின் நெகிழ்வு மாதிரி, அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். கரண்ட்டைத் திடீரென்று நிறுத்தினால் இண்டக்டன்ஸில் இருந்த ஆற்றல் கெப்பாசிட்டன்ஸுக்குள் பாயும். எவ்வளவு வோல்ட்டேஜ் ஏறும் என்பதற்கு எளிய கணக்கு: வெட்டிய கரண்ட்டை, இண்டக்டன்ஸைக் கெப்பாசிட்டன்ஸால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இண்டக்டன்ஸ் பெரிதாகவும் கெப்பாசிட்டன்ஸ் சின்னதாகவும் இருந்தால், கொஞ்சம் கரண்ட்டே பெரிய அடி கொடுக்கும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிஞ்சுடும்.

தொல்லை ஒன்று: எஞ்சின் கூரையில்

மின்சார எஞ்சினின் கூரையில், பேன்டோகிராஃபுக்குப் பக்கத்தில் ஒரு மெயின் பிரேக்கர் இருக்கும். இப்போது பெரும்பாலும் வாக்குவம் பிரேக்கர். ராயபுரம் எலெக்ட்ரிக் லோகோ ஷெட் ஊழியர்களிடம் கேட்டால் ‘டிஜே’ என்பார்கள். 1950-களில் இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட் முறையைப் பிரெஞ்சு ரயில்வேயின் துணையோடு எடுத்தபோது கூடவே வந்த சொல் அது. பிரேக்கருக்குப் பிரெஞ்சில் ‘டிஸ்ஜோங்க்தேர்’. எஞ்சின்கள் மாறின, பிரேக்கர் வகை மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாக்குவம் பிரேக்கரின் பிரச்சினை, அது ரொம்பத் திறமைசாலி என்பதுதான். அதன் உள்ளே காற்று இல்லாததால், முனைகள் பிரியும்போது வரும் தீப்பொறி அந்த முனைகளின் உலோக ஆவியில்தான் எரிய வேண்டும். கரண்ட் சில ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் போதுமான ஆவி கிடைக்காது. பொறி பட்டென்று அணைந்துவிடும். கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே வெட்டிவிடும். செம்பு–குரோமியம் கலந்த இன்றைய முனைகளில் இது நடப்பது சுமார் 3 முதல் 5 ஆம்பியருக்குள்.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எஞ்சினில் மோட்டார் எதுவும் ஓடவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சும்மா நிற்கிறது, 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 வோல்ட்டில் 1 ஆம்பியர் என்றால் இண்டக்டன்ஸ் சுமார் 80 ஹென்றி. கூரைக் கேபிளும் சுருளும் சேர்ந்து 4 நானோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் என்று எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன வர்க்கமூலம் 1,41,000 ஓம். உச்சக் கரண்ட்டான 1.4 ஆம்பியரிலேயே வெட்டு விழுந்தால், காகிதத்தில் வருவது 200 கிலோவோல்ட்! வெட்டும் எல்லையான 3 ஆம்பியரை விடவே இந்தக் கரண்ட் குறைவு என்பதால், பிரேக்கர் எந்தக் கணத்திலும் வெட்டலாம் என்பதையும் கவனியுங்கள்.

நிஜத்தில் அவ்வளவு வராது. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் அந்த ஆற்றலில் பெரும்பகுதியைச் சூடாக விழுங்கிவிடும். ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான குதிரைசக்தியோடு இழுக்கும் எஞ்சினை அணைப்பதைவிட, சும்மா நிற்கும் எஞ்சினை அணைப்பதில்தான் இந்த வகைத் தொல்லை அதிகம். பெரிய கரண்ட் பூஜ்யம் வரை தாக்குப்பிடிக்கும், சின்னக் கரண்ட்தான் நடுவிலேயே அறுந்துபோகும். அனுபவம் இல்லாதவர்கள் நேர் எதிராக நினைக்கும் இடம் இது.

தொல்லை இரண்டு: கம்பிக்குச் சார்ஜ் ஏற்றும்போது

மின்வாரியத்தின் உயர் அழுத்தக் கட்டமைப்பிலிருந்து, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 110 கிலோவோல்ட்டிலிருந்து, ரயில்வேயின் துணை மின்நிலையம் மின்சாரம் வாங்குகிறது. அதை இறக்கி, சில பத்து கிலோமீட்டர் நீளக் கம்பிக்கு ஊட்டுகிறது. பழுது பார்த்து முடித்து, அணைத்திருந்த கம்பியைத் திரும்பச் சார்ஜ் பண்ணும்போது என்ன நடக்கிறது?

வோல்ட்டேஜ் ஒரு அலையாக ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் கம்பி வழியே ஓடும். 30 கிலோமீட்டரைக் கடக்க 100 மைக்ரோ நொடிதான். கடைசி முனையில் கம்பி திறந்து நிற்கிறது, போக வழி இல்லை. அலை அங்கே மோதித் திரும்பும். வந்த அலையும் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முனையில் வோல்ட்டேஜ் இரண்டு மடங்காகும். அலையின் உச்சமான 39 கிலோவோல்ட் கணத்தில் சுவிட்ச் விழுந்தால் முனையில் 78. முந்தைய தடவை அணைத்தபோது கம்பியில் எதிர்க்குறி மின்னூட்டம் தங்கியிருந்தால் அது மூன்று மடங்கு வரைகூடப் போகலாம். இழப்புகள் இதைக் கொஞ்சம் குறைக்கும். துணை மின்நிலைய டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் கம்பியின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து இரண்டாயிரம் சொச்சம் ஹெர்ட்ஸில் ஊஞ்சல் ஆடி, சில மில்லி நொடியில் அடங்கும்.

தொல்லை மூன்று: நடுவில் ஒரு செத்த துண்டு

ரயில் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்வாரியத்தின் மூன்று ஃபேஸிலும் பாரம் சமமாக விழ, அடுத்தடுத்த துணை மின்நிலையங்கள் வெவ்வேறு ஃபேஸ் ஜோடியிலிருந்து எடுக்கும். 120 டிகிரி தள்ளியிருக்கும் இரண்டு பகுதிகளுக்கு இடையே 25-க்குப் பதில் 43 கிலோவோல்ட் இருக்கும். பேன்டோகிராஃப் அந்த இரண்டையும் தொட்டு இணைத்துவிட்டால் பெரிய ஷார்ட் சர்க்யூட். அதனால் நடுவில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள். இதன் பெயர் நியூட்ரல் செக்‌ஷன். நீங்கள் போகும் மின்சார ரயிலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஃபேன் நின்று, சில நொடியில் திரும்பச் சுற்றினால், பெரும்பாலும் அது இந்தத் துண்டுதான்.

இதைக் கடக்க விதி இருக்கிறது. 500 மீட்டர் முன்னால் ஒரு பலகை, 250 மீட்டரில் இன்னொன்று, பிறகு ‘டிஜே திற’, கடந்ததும் ‘டிஜே மூடு’. லோகோ பைலட் முதலில் மோட்டார் இழுப்பைக் குறைத்து, பிறகு டிஜேயைத் திறந்து, உருண்டு கடந்து, மறுபக்கம் மூட வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் 500 மீட்டர் என்பது 22 நொடி. அதற்குள் இதெல்லாம் முடிய வேண்டும். மறந்து, பாரத்தோடு துண்டுக்குள் நுழைந்தால், பேன்டோகிராஃபே ஒரு பிரேக்கராகிவிடும். திறந்தவெளியில் தீப்பொறி நீளும், கம்பி உருகலாம், இரண்டு பக்கத்தையும் தீப்பொறி இணைத்தும் விடலாம்.

விதிப்படி கடந்தாலும் ஒரு ரயில் ஒவ்வொரு முறையும் இங்கே ஒரு திறப்பு, ஒரு மூடல் செய்கிறது. பின்னால் வரும் அத்தனை ரயில்களும் அதையேதான் செய்யும். எகிறல்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இதுதான் பெரிய உற்பத்திசாலை.

எண்ணூரில் என்ன விசேஷம்

கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பெரிய விஷயமே இல்லை. 25 கிலோவோல்ட் பக்கத்துச் சாதனங்களை 250 கிலோவோல்ட் இடி அலையைத் தாங்கும்படி வடிவமைக்கிறார்கள். 78 எங்கே, 250 எங்கே.

ஆனால் எண்ணூரில் இன்சுலேட்டர் சுத்தமாக இருப்பதில்லை. ஒருபக்கம் கடல், அலை நுரையிலிருந்து கிளம்பும் உப்பு. இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், அந்த வட்டாரத்தில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. இதெல்லாம் பீங்கானின் மேல் மெல்லிய படலமாகப் படியும்.

காய்ந்திருக்கும்வரை அந்தப் படலம் ஒன்றும் செய்யாது. நல்ல மழை பெய்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: மார்கழி, தை மாத விடியற்காலைப் பனி. படலத்தைக் கரைக்கிற அளவுக்கு ஈரம், கழுவுகிற அளவுக்கு இல்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். பீங்கானின் மேல் கசிவு கரண்ட் ஓடும், அந்தச் சூட்டில் சில இடங்கள் மட்டும் காய்ந்து வளையமாகும், அந்த வளையத்தைத் தாண்டிக் குட்டித் தீப்பொறிகள் குதிக்கும். அவை நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தால் முழு இன்சுலேட்டரும் ஒரே பொறியால் மூடப்பட்டுவிடும். இதைத்தான் ஃப்ளாஷ்ஓவர் என்கிறார்கள். மோசமான நிலையில், எந்த எகிறலும் இல்லாமல், வழக்கமான 25 கிலோவோல்ட்டிலேயே இது நடக்கலாம்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. அழுக்கு இன்சுலேட்டர் மின்னலை ஓரளவு தாங்கிவிடும், சுவிட்ச் எகிறலைத் தாங்குவதில்தான் பலவீனமாகிறது. ஏன் என்றால், ஈரப் படலத்தின் மேல் பொறி ஊர்ந்து வளர நேரம் வேண்டும். மின்னல் அடி சில பத்து மைக்ரோ நொடியில் முடிந்துவிடுகிறது, பொறிக்கு அவகாசம் இல்லை. சுவிட்ச் எகிறல் அதைவிட மெதுவானது, மில்லி நொடிக் கணக்கில் நீடிக்கும். அதனால் அழுக்கு ஏற ஏற மின்னலைத் தாங்கும் அளவு அதிகம் குறைவதில்லை, சுவிட்ச் எகிறலைத் தாங்கும் அளவு நன்றாகக் குறைகிறது. உள்நாட்டு ஊருக்கு மின்னல் பெரிய கவலை என்றால், எண்ணூர் மாதிரி இடத்துக்கு இது பெரிய கவலை.

இதில் ஒரு சுழல் வேறு இருக்கிறது. பனியில் ஒரு இன்சுலேட்டர் பொறிந்தால் துணை மின்நிலையப் பிரேக்கர் ட்ரிப் ஆகும். அரை நொடியில் தானாகவே ஒரு முறை திரும்ப மூடிப் பார்க்கும். திரும்ப ட்ரிப் ஆனால், கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டிராக்‌ஷன் பவர் கண்ட்ரோலர் கம்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி, எந்தத் துண்டில் கோளாறு என்று தேடுவார். அவர் செய்வது சரியானதுதான், வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த ஒவ்வொரு மூடலும் ஒரு புது எகிறல், விழுவது ஏற்கெனவே நனைந்து சூடான பீங்கான்களின் மேல்.

அடக்குவது எப்படி

வழிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். எகிறியதை வடிப்பது, எகிறும் வேகத்தை மட்டுப்படுத்துவது, எகிறவே விடாமல் நேரம் பார்ப்பது.

*வடிப்பது.* இதற்குத்தான் அரெஸ்டர். உள்ளே துத்தநாக ஆக்ஸைடு வில்லைகளை அடுக்கியிருப்பார்கள். 1960-களின் கடைசியில் ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இது. அதன் நுண்ணிய துகள்களின் எல்லை ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுக்கும், அதைத் தாண்டினால் வழிவிடும். வழக்கமான வோல்ட்டேஜில் ஏறக்குறைய கடத்தாத பொருள். அதன் வாசல் வரம்பில் வோல்ட்டேஜ் வெறும் 20 சதவீதம் ஏறினால் கரண்ட் 200 மடங்குக்கு மேல் ஏறும். அதற்கு முன் பயன்படுத்திய சிலிக்கான் கார்பைடில் அதே 20 சதவீதத்துக்கு இரண்டரை மடங்குதான் ஏறும். எப்போதும் கசியாமல் இருக்க அந்தக் காலத்தில் வரிசையில் ஒரு இடைவெளி வைக்க வேண்டியிருந்தது. புதிய பொருளில் அது தேவைப்படவில்லை.

இந்திய ரயில்வேயின் 25 கிலோவோல்ட் பக்கத்தில் 42 கிலோவோல்ட் அரெஸ்டர்கள் பயன்படுகின்றன. எஞ்சின் கூரையிலும் அரெஸ்டர் உண்டு. இப்ப எண்களை ஒப்பிடுங்க. 42 கிலோவோல்ட்டின் உச்சம் 59. அதாவது 59-க்குக் கீழே வரும் எகிறலை இந்த அரெஸ்டர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 78 வந்தாலும் கொஞ்சம்தான் நறுக்கும். சுத்தமான இன்சுலேட்டருக்கு இது போதும், அதன் தாங்கும் அளவு எங்கேயோ இருக்கிறது. பனியில் நனைந்த எண்ணூர் இன்சுலேட்டருக்கு 50 கிலோவோல்ட் உச்சமே அதிகமாகிவிடலாம். அரெஸ்டரின் வாசலை இன்னும் கீழே இறக்கலாமே என்றால், வழக்கமான ஏற்ற இறக்கத்திலேயே அது சூடாகி வெடித்துவிடும். ஆக, அரெஸ்டர் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும். அழுக்கு பீங்கானைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

*மட்டுப்படுத்துவது.* நம் கணக்கில் கெப்பாசிட்டன்ஸ் வகுக்கும் இடத்தில் இருந்தது. அதைக் கூட்டினால் எகிறல் குறையும். கூடவே ஒரு மின்தடையை வரிசையில் வைத்தால் ஊஞ்சலின் ஆற்றல் சூடாகக் கரைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைக்கும் இந்த மின்தடை–கெப்பாசிட்டர் ஜோடிக்குச் சர்ஜ் அப்சார்பர் என்று பெயர். அரெஸ்டர் உயரத்தை மட்டும் நறுக்கும், இது ஏறும் வேகத்தையும் குறைக்கும். சுருளின் முதல் சில சுற்றுகளைக் காப்பதற்கு வேகம் குறைவது ரொம்ப முக்கியம்.

இன்னொரு வழி, பிரேக்கர் வேலை செய்யும்போது ஒரு மின்தடையைச் சில மில்லி நொடிக்கு இடையில் நுழைப்பது. பழைய எஞ்சின்களின் காற்றழுத்த பிரேக்கரில் பக்கவாட்டில் ஒரு மின்தடை இருந்ததும் இதற்குத்தான். தண்ணீர்க் குழாயை ஒரே திருகில் மூடாமல் இரண்டு திருகில் மூடுவது மாதிரி.

*நேரம் பார்ப்பது.* இதுதான் எனக்குப் பிடித்தது. கம்பிக்குச் சார்ஜ் ஏற்றும்போது, அலை பூஜ்யத்தில் இருக்கும் கணத்தில் பிரேக்கர் முனைகள் தொட்டால் இரட்டிப்பாவதற்கு எதுவுமே இல்லை. பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. நுண்செயலி ஒன்று அலையைப் பார்த்து, பிரேக்கர் மூட எத்தனை மில்லி நொடி ஆகும் என்று தெரிந்து, அதற்கு ஏற்பக் கட்டளையைத் தள்ளிக் கொடுக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெறும் கம்பிக்கு பூஜ்யம் நல்ல நேரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுவே ராகு காலம்! வோல்ட்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரை இணைத்தால் அதன் இரும்பு உள்ளகம் நிரம்பி வழிந்து, வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கு நல்ல நேரம் அலையின் உச்சம். ஆகவே துணை மின்நிலையப் பிரேக்கருக்கு ஒரு விதி, நியூட்ரல் செக்‌ஷன் தாண்டி டிஜே மூடும் எஞ்சினுக்கு நேர் எதிர் விதி. ‘பூஜ்யத்தில் மூடு’ என்று பொதுவாக எழுதிவைக்க முடியாது.

நியூட்ரல் செக்‌ஷனிலும் நேரம் பார்க்கலாம். பிரிட்டனில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காந்தத்தைப் பார்த்து ரயில் தானாகவே பிரேக்கரைத் திறக்கும். ஜப்பானின் ஷின்கான்சென்னில் ரயில் பிரேக்கரைத் திறப்பதே இல்லை. நடுத்துண்டுக்குள் முழு ரயிலும் வந்ததும், தரையில் இருக்கும் சுவிட்சுகள் ஒரு பக்கத்து மின்சாரத்தை எடுத்து மறுபக்கத்தைக் கொடுத்துவிடும். வசதிதான். ஆனால் எகிறலின் இடம் ரயில் கூரையிலிருந்து தரைக்கு மாறியதே தவிர, எகிறல் ஒழிந்துவிடவில்லை. அங்கேயும் மின்தடை, அரெஸ்டர், நேரக் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும்.

பீங்கானை மறந்துவிட வேண்டாம்

மேலே சொன்னதெல்லாம் எகிறலைக் கீழே இறக்கும் வேலை. எண்ணூருக்கு இன்னொரு பாதி வேலை இருக்கிறது: தாங்கும் அளவை மேலே ஏற்றுவது.

இன்சுலேட்டரின் மேற்பரப்பு வழியாக ஒரு எறும்பு கம்பியிலிருந்து கம்பம் வரை நடந்தால் எவ்வளவு தூரம்? அதைத்தான் ஊர்தூரம் என்று சொல்கிறேன். ரயில்வேயின் பீங்கானில் வழக்கமாக அது 850 மில்லிமீட்டர், மாசு அதிகமான பகுதிக்கு 1,050. சர்வதேச வழிகாட்டுதல், மிகக் கடுமையான மாசுக்கு ஒரு கிலோவோல்ட்டுக்கு 53.7 மில்லிமீட்டர் என்கிறது. 27.5-ஆல் பெருக்கினால் சுமார் 1,480 வருகிறது. 1,050-க்கும் 1,480-க்கும் உள்ள இடைவெளியைத்தான் ஆட்கள் துணியும் தண்ணீருமாகக் கழுவி நிரப்ப வேண்டியிருக்கும். சிலிகான் ரப்பர் இன்சுலேட்டர் இங்கே உதவும். அதன் மேல் தண்ணீர் படலமாகப் பரவாது, தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக நிற்கும். அதோடு அந்தத் தன்மையை மேலே படிந்த அழுக்குக்கும் மெல்ல மெல்லக் கடத்திவிடும்.

யாருக்கு என்ன நஷ்டம்

ஒரு ட்ரிப் என்பது கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் ஒரு வரி. ஆனால் பனி விழும் நேரமும், கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. காலை ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலி போகிறவர்களும் அந்த ரயிலில்தான் நிற்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பணயம் கம்பியில் வேலை செய்கிறவர்களுடையது. அணைத்த கம்பி செத்த கம்பி ஆகிவிடாது. பக்கத்துத் தடத்தில் 25 கிலோவோல்ட் ஓடிக்கொண்டிருந்தால், அணைத்த கம்பியிலும் தூண்டலால் உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் இருக்கும். பக்கத்துக் கம்பியில் நடக்கும் ஒவ்வொரு சுவிட்சிங்கும் இதிலும் எதிரொலிக்கும். அதனால்தான் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகும், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் டிஸ்சார்ஜ் ராட் மாட்டிப் பூமிக்கு இணைக்காமல் யாரும் ஏறக்கூடாது. எகிறலை வடிக்கும் சாதனங்களில் விலை குறைந்ததும், ஒருபோதும் விடக்கூடாததும் அந்த ராட்தான்.

இந்தத் தடத்துக்கு வரிசை போடச் சொன்னால் நான் இப்படிப் போடுவேன். முதலில் நல்ல இன்சுலேட்டரும், பனிக்காலம் தொடங்கும் முன் ஒரு முழுக் கழுவலும். இரண்டாவது, கம்பிக்குச் சார்ஜ் ஏற்றும் பிரேக்கர்களில் நேரம் பார்த்து மூடும் வசதி. ட்ரிப் ஆன பிறகு செய்யும் தேடல் மூடல்கள் அப்போது அவ்வளவு வலிக்காது. மூன்றாவது, எஞ்சினில் சர்ஜ் அப்சார்பரும் அரெஸ்டரும். நான்காவது, நியூட்ரல் செக்‌ஷனில் தானியங்கி முறை. மின்னலை முதன்மையாக வைத்து எழுதும் ஊரில் அரெஸ்டர் முதலிடத்துக்கு வரும். உப்புக் காற்று வீசும் ஊரில் அது மூன்றாம் இடத்துக்கு இறங்குவதற்கு, மேலே இருக்கும் 59 என்ற ஒரு எண் போதும்.